பனி மூடிய எரிமலையில் ஏற விரும்பும் யாழ்ப்பாணத்தவருக்கு: திட்டமிடும் முறை

மணற்காட்டு மணற்குன்றில் ஏறி நின்றாலே நாலு பக்கமும் தெரிந்துவிடுகின்ற தட்டை நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. இங்கு பிறந்து வளர்ந்த ஒருவருக்கு 5000 மீற்றரைத் தாண்டிய, உச்சியில் பனியாறு படர்ந்த எரிமலை ஒன்றில் ஏற வேண்டும் என்ற ஆசை எழுந்தால், அதைக் கேட்பவர்கள் முதலில் வியப்பார்கள், பிறகு தடுப்பார்கள். ஆனால் அது நிறைவேறக்கூடிய ஆசைதான். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ற் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். 2018இல் யொஹான் பீரிஸ் அங்கு சென்றார். கடல்மட்டத்திலிருந்து புறப்படுபவருக்குத் தேவைப்படுவது அசாதாரணமான உடற்பலம் அல்ல. முறையான ஆயத்தமும், எல்லாவற்றுக்கும் மேலாக, போதிய நாட்களுமே தேவை.

உயரமான மலைகளில் புதியவருக்கு எரிமலைகளே பொருத்தமானவை என்று சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. அவை பெரும்பாலும் கூம்பு வடிவில் தனித்து நிற்பவை. சரிவு ஓரளவு சீரானது. செங்குத்துப் பாறையில் தொங்கி ஏற வேண்டிய இடங்கள் வழமையான பாதைகளில் குறைவு. பல மலைகளில் 4000 மீற்றருக்கு மேலும் வாகனம் போகும். தங்குமிடத்திலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு அடுத்த நாள் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். இந்த வசதியே பேராபத்தும் ஆகின்றது. தென்னமெரிக்க நாடான எக்குவடோரின் தலைநகர் கீற்றோவிலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வாகனம் உங்களை 4500 மீற்றரில் இறக்கிவிடும். உடலோ இன்னும் பண்ணைக் கடற்கரைக் காற்றுக்கே பழகியதாக இருக்கும். செலவைச் சுருக்க வேண்டிவந்தால் விடுதியில் சுருக்குங்கள், உணவில் சுருக்குங்கள். நாட்களில் மட்டும் கைவைக்காதீர்கள்.

எந்த மலை?

கிலிமஞ்சாரோவிலிருந்து தொடங்கலாமா என்று பலர் கேட்பார்கள். 5895 மீற்றர் உயரமான அதுவும் எரிமலைதான். ஆனால் அதன் வழமையான பாதைகளில் நீங்கள் பனியாற்றின் மேல் நடப்பதில்லை. அங்கிருந்த பனியின் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டிலேயே கரைந்துவிட்டது. உயரத்தில் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கின்றது என்பதை அறிய அது நல்ல இடம். கயிறு, கிராம்பன் (பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்தின் அடியில் பூட்டும் உலோகப் பற்கள்), பனிக்கோடரி ஆகியவற்றைப் பழக அது இடமல்ல.

மெக்சிக்கோவின் பிக்கோ டி ஒரிசாபா 5636 மீற்றர். அதன் வடக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 4260 மீற்றரில் உள்ள குடிலிலிருந்து புறப்பட்டு, கற்களும் உறைபனியும் கலந்த பகுதியைக் கடந்து, ஹமாப்பா பனியாற்றில் ஏற வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களே அங்கு ஏற்ற காலம். பனியாறு சுருங்கிவருவதால் மேற்பரப்பில் மென்பனி இல்லாமல் கடினமான பளிங்குப் பனி வெளித்தெரியும் நாட்கள் கூடியுள்ளன. அத்தகைய சரிவில் சறுக்கினால் கோடரியைக் குத்தித் தன்னைத் தானே நிறுத்துவது மிகக் கடினம். ஆகவே, எளிதான மலை என்று கேள்விப்பட்டதை வைத்து அதைக் குறைத்து மதிக்கக்கூடாது. அதே நாட்டிலுள்ள இஸ்தாசிவாட்டில் எரிமலை 5230 மீற்றர். அதை முதலில் ஏறி உடலைப் பழக்கிய பிறகு ஒரிசாபாவுக்குப் போவது வழக்கம்.

ரஷ்யாவின் எல்புரூஸ் 5642 மீற்றர். அங்கே கம்பியில் ஓடும் இழுவைக் கூண்டுகளும் பனி வாகனங்களும் மிக மேலே வரை கொண்டுபோய்விடும். ஆனால் காலநிலை கொடியது. 2021 செப்டெம்பரில் திடீர்ப் பனிப்புயலில் சிக்கி ஒரே குழுவைச் சேர்ந்த ஐவர் அங்கு உயிரிழந்தனர்.

புதியவருக்கு என் தெரிவு எக்குவடோர். காரணம், அங்கு சிறிய மலையிலிருந்து பெரிய மலைக்குப் படிப்படியாகப் போகக்கூடிய ஒரு முழு வரிசையே உண்டு: பனியில்லாத 4000 மீற்றர் மலைகள், பிறகு கயாம்பே (5790 மீற்றர்), கொட்டோபாக்சி (5897 மீற்றர்), இறுதியில் சிம்போராசோ (6263 மீற்றர்). பூமி நடுப்பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்றையும் விடத் தொலைவில் இருப்பது சிம்போராசோவின் உச்சியே. பூமத்திய ரேகை கயாம்பேயின் தென்சரிவைக் கடந்து செல்கின்றது. பூமத்திய ரேகையில் பனியா என்று ஆச்சரியப்படுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகின்றது; அடிவாரக் கடற்கரையில் 30 பாகை என்றால் 5900 மீற்றரில் உறைநிலைக்கு எட்டுப் பாகை கீழே. காற்றும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இன்னும் கூடும்.

முதற்பயணத்துக்கு கயாம்பே, கொட்டோபாக்சி ஆகிய இரண்டையும் மட்டும் குறிவையுங்கள். சிம்போராசோ உயரத்தாலும் கல் விழுவதாலும் வேறு தரத்து மலை. 1993இல் அங்கு ஒரு பனிச்சரிவில் பத்து ஏறுநர்கள் இறந்தனர். அதை அடுத்த பயணத்துக்கு விடுவதே நல்லது.

விசாவும் விமான வழியும்

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எந்த மலை என்பதைப் பாதி விசாவே தீர்மானிக்கின்றது. ஆகவே விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பும், வழிகாட்டிக்கு முற்பணம் அனுப்புவதற்கு முன்பும் இந்த வேலையை முடிக்க வேண்டும். போகும் நாட்டின் விசாவை எல்லோரும் பார்ப்பார்கள். இடைத்தங்கல் விசாவைத்தான் மறந்துவிடுவார்கள். ஐரோப்பாவின் செங்கன் நாடுகளில் விமானம் மாறுவதற்குக்கூட, விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும், இலங்கையருக்கு விமான நிலைய இடைத்தங்கல் விசா தேவை. அமெரிக்காவில் விசா இல்லாமல் இடைத்தங்கல் என்பதே இல்லை. கொழும்பிலிருந்து தென்னமெரிக்காவுக்கு மலிவாகத் தெரிகின்ற பயணச்சீட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தொட்டே போகும். ஒவ்வொரு இடைத்தங்கலையும் தனித்தனியாகத் தூதரகத்திடமோ விமான நிறுவனத்திடமோ எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நம்மவருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கின்றது. அமெரிக்கா, கனடா, யப்பான், பிரித்தானியா அல்லது செங்கன் நாடு ஒன்றின் செல்லுபடியாகும் விசா கடவுச்சீட்டில் இருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிக்கோ தனி விசா கேட்பதில்லை என்ற நடைமுறை உண்டு. சுவிற்சர்லாந்திலோ நோர்வேயிலோ கனடாவிலோ உறவினர் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. மாமாவையோ அக்காவையோ பார்க்கப் போகும் பயணத்தோடு மலைப் பயணத்தைப் பொருத்திக்கொண்டால் ஒரே விசாவில் இரண்டு காரியம் ஆகும். ஆனால் விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் மலையேற்றம் என்ற நோக்கத்தை மறைக்க வேண்டாம். வழிகாட்டி நிறுவனத்தின் கடிதம், நாளுக்கு நாள் எழுதிய பயணத்திட்டம், வேலை செய்யும் இடத்தின் விடுமுறைக் கடிதம் ஆகியன சேர்ந்த விண்ணப்பமே நம்பத்தக்கதாகத் தெரியும்.

எக்குவடோர் மஞ்சட் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளில் ஒன்று. நீங்கள் மலைப்பகுதியில் மட்டுமே இருந்தாலும், அங்கிருந்து இலங்கைக்குத் திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். விசா வேலையாகக் கொழும்புக்குப் போகும் நாளோடு அதையும் சேர்த்துக்கொண்டால் இன்னொரு முறை அலைய வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு முந்திய ஆண்டு

ஆகக்குறைந்தது எட்டு மாதங்கள் உடலை ஆயத்தப்படுத்துங்கள். ஓராண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. மலையில் தேவைப்படுவது வேகம் அல்ல. சுமையோடு, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய மூச்சில், எட்டுப் பத்து மணித்தியாலம் நிற்காமல் நகரும் திறனே தேவை. முதல் மூன்று மாதம் கிழமைக்கு நான்கு நாள் நடையோ மெதுவான ஓட்டமோ சைக்கிளோ போதும். யாழ்ப்பாணத்தின் வெயிலில் இதை அதிகாலையில் முடித்துவிட வேண்டும்; பத்து மணி வெயிலில் செய்யும் பயிற்சி உங்களைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தாது, களைப்பை மட்டுமே தரும்.

அதன் பிறகு முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி ஏறத் தொடங்குங்கள். மூன்று நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டு கிடைத்தால் அது போதுமான மலை. மணற்காட்டு மணற்குன்றுகள் இன்னும் நல்லவை. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னுக்கு வழுக்குகின்ற அந்த மணல், எரிமலையின் கீழ்ச்சரிவிலுள்ள தளர்ந்த சாம்பலும் சிறுகற்களும் கால்களைப் படுத்தும் பாட்டை அப்படியே பழக்கும். அங்கே ஏறும்போது ஒவ்வொரு அடியிலும் பின்காலை ஒரு கணம் நேராகப் பூட்டி, உடற்பாரத்தை எலும்பின் மேல் நிறுத்தி, தொடைத் தசைக்கு ஓய்வு கொடுத்து, பின்னர் அடுத்த அடியை வைக்கும் நடையைப் பழகுங்கள். மலையில் உங்களை உச்சிக்குக் கொண்டுபோவது அந்த நடையே. தண்ணீரைப் பாரமாகக் கொள்வதில் இன்னொரு நன்மை உண்டு: மேலே போனதும் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம், முழங்கால்கள் தப்பும்.

பயிற்சியின் கடைசி மூன்று மாதங்களில் சிவனொளிபாதமலைக்கு இரண்டு மூன்று தடவையாவது போக வேண்டும். நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 5500 படிகள். ஏறும் உயரம் ஏறக்குறைய 1000 மீற்றர். கொட்டோபாக்சியின் குடில் இருப்பது 4864 மீற்றரில், உச்சி 5897 மீற்றரில். அதுவும் ஏறக்குறைய அதே ஏற்றம். இரண்டும் இரவில் தொடங்கி விடியற்காலையில் உச்சியைத் தொடும் ஏற்றங்கள். ஆகவே பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு, இடையில் தேநீர்க் கடைகளில் உட்காராமல், மூன்று மணித்தியாலத்துக்குள் சிவனொளிபாதத்தின் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கி, அடுத்த நாளும் நடக்கும் நிலையில் இருக்கின்றீர்களா என்று பார்ப்பது நேர்மையான சோதனை. காற்று மெலிந்திருப்பதால் கொட்டோபாக்சியில் அதே ஏற்றத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்தில் கூட்டத்தால் வேகம் குறையும். வார நாட்களைத் தெரிவு செய்யலாம்.

ஒரு விடயத்தில் தெளிவு வேண்டும். இலங்கையின் எந்த மலையும் உயரத்துக்கு உடலைப் பழக்காது. 2524 மீற்றரான பிதுருதலாகலையும் அதற்குப் போதாது. இங்கு செய்வது கால்களுக்கும் இருதயத்துக்குமான பயிற்சி மட்டுமே. உயரத்துக்குப் பழகுவது அங்கே போன பிறகுதான் தொடங்கும்.

பனியில் நடக்கப் படிப்பது

பனியாற்றில் கண்ணுக்குத் தெரியும் பிளவுகள் ஒரு பங்கு ஆபத்து. மெல்லிய பனிப்பாலம் மூடியிருக்கும் தெரியாத பிளவுகள் பெரிய ஆபத்து. இதனாலேயே ஒரே கயிற்றில் இரண்டு மூன்று பேர் இடைவெளிவிட்டுப் பிணைந்து நடக்கின்றார்கள். கயிறு தொய்ந்து பனியில் இழுபடவும் கூடாது, முன்னால் போகின்றவரை இழுக்கவும் கூடாது. கயிற்றைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நடப்பது புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகக் கேடானது. முன்னால் உள்ளவர் பிளவில் விழுந்தால் அந்தச் சுருள் உங்களை நிறுத்த இடம் தராமல் இழுத்துவிடும்.

படிக்க எங்கே போவது? நமக்கு மிக அருகில் இந்தியா. 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனமும், 1965இல் உத்தரகாசியில் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் ஏறத்தாழ நான்கு கிழமை அடிப்படைப் பயிற்சி நடத்துகின்றன. வெளிநாட்டவருக்கும் இடம் உண்டு, கட்டணம் வேறு. இடங்கள் நெடுநாள் முன்னரே நிரம்பிவிடும். நான்கு கிழமை விடுமுறை எடுக்க முடிந்தவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை; பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்தால் பாதை தொடங்கிவிடுகின்றது. சுவிற்சர்லாந்தில் உறவினரிடம் போகின்றவர்கள் அங்கு நடத்தப்படும் சில நாள் பனியாற்றுப் பயிற்சிகளில் சேரலாம்.

எதற்கும் வாய்ப்பில்லாவிட்டால், எக்குவடோரில் உச்சிக்கு முந்திய நாள் பனியாற்றின் அடியில் அரை நாள் பயிற்சி தரும்படி வழிகாட்டியோடு முன்கூட்டியே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிராம்பனோடு கால்களைச் சற்று அகட்டி நடப்பது, சரிவில் பாதத்தின் எல்லாப் பற்களும் பனியைப் பிடிக்கும்படி அழுத்துவது, விழுந்தால் கோடரியின் அலகை மார்புக்கு அருகில் பனியில் பாய்ச்சிக் குப்புறக் கிடந்து நிறுத்துவது ஆகியவற்றை உடல் தானாகச் செய்யும்வரை பழக வேண்டும். 8 வடிவ முடிச்சையும், பாரம் விழும்போது கயிற்றை இறுகப் பிடிக்கும் புருசிக் முடிச்சையும் வீட்டிலேயே படிக்கலாம். கட்டிலின் காலில் கயிற்றைக் கட்டி, தடித்த கையுறையோடு, விளக்கை அணைத்துவிட்டுப் போடப் பழகுங்கள். அங்கே அப்படித்தான் போட வேண்டியிருக்கும்.

உடலும் மருந்தும்

5500 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஏறத்தாழ அரைவாசி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைகின்றது. இளமையோ உடற்பயிற்சியோ மலைநோயிலிருந்து காப்பதில்லை. கட்டுமஸ்தான இளைஞர்கள் வேகமாக ஏறுவதாலேயே முதலில் விழுவதும் உண்டு. 3000 மீற்றருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாத நாள் ஒன்றை வைத்தும் போவதே மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

தலையிடி, ஓங்காளம், பசியின்மை, தூக்கமின்மை ஆகியன முதல் அறிகுறிகள். தலையிடியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் மேலே ஏறக்கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். உயிரைப் பறிப்பவை இரண்டு. ஓய்வாக இருக்கும்போதும் மூச்சிரைப்பு, நுரையோடு இருமல் என்பன நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டும். நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது என்பன மூளை வீங்குவதைக் காட்டும். இந்த இரண்டுக்கும் முதல் மருந்து உடனே, இரவானாலும், இறங்குவதே.

அசற்றசோலமைட் என்ற மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏற்றம் தொடங்குவதற்கு முந்திய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். ஆனால் சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் வைத்தியரிடம் கேளாமல் தொடக்கூடாது. வீட்டிலிருக்கும்போதே ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். விரல் நுனி விறுவிறுப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் இயல்பு என்பது அப்போதே தெரிந்துவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டாம்.

நம்மிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் பரவலாக இருப்பதால் நாற்பதைக் கடந்த எவரும் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் சில மாதங்களுக்கு முன்னரே அதைச் சரிசெய்ய வேண்டும். ஒட்சிசனைச் சுமப்பதே குருதியின் வேலை என்பதால் அங்கு அந்தக் குறை இரண்டு மடங்காக உறைக்கும். இன்சுலின் எடுப்பவர்கள் அது உறைந்தால் பயனற்றுப்போகும் என்பதை மறவாமல் உள்ளாடைக்குள் உடற்சூட்டில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கருத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகின்றது. புதுப்பனி அதில் எண்பது வீதம் வரை திருப்பி எறிகின்றது. நாடிக்குக் கீழும் மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பும் வெந்துபோவது அதனால்தான். பக்கங்களும் மூடிய, நான்காம் தரக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மணித்தியாலம் பனியில் நின்றால், அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்து பார்வை மங்கும்.

உடையும் கருவியும்

பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. காயாத துணி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். உடலோடு ஒட்டிய செயற்கை இழையோ கம்பளி இழையோ ஆன உள்ளாடை, அதன் மேல் பிளீஸ் என்ற மென்மயிர்ச் செயற்கைத் துணியாலான சட்டை, அதன் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி, நிற்கும்போது போட்டுக்கொள்ள இறகு நிரப்பிய தடித்த ஜக்கெற் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஏற்றுமதி ஆடைகளின் மிச்சத்தை விற்கும் கொழும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் உள்ளாடையும் மேலங்கியும் நல்ல தரத்தில் மலிவாகக் கிடைப்பதுண்டு. கையுறை இரண்டு சோடி வேண்டும். ஒன்று காற்றில் பறந்துபோனால் விரல்களையும் இழக்க நேரிடலாம்.

கிராம்பன், பனிக்கோடரி, இடுப்புவார், தலைக்கவசம், கயிறு ஆகியவற்றை வாங்க வேண்டாம். கீற்றோவில் வாடகைக்குக் கிடைக்கும், வழிகாட்டியே தருவதும் உண்டு. சப்பாத்தில் மட்டும் கவனம் வேண்டும். கடும்பனிக்கான விறைத்த அடியும் உள்ளே வெப்பக் காப்பும் கொண்ட மலைச் சப்பாத்தை வாடகைக்கு எடுத்தால், தடித்த காலுறையோடு போட்டு, கடையின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால் அந்தச் சப்பாத்து வேண்டாம். கிராம்பனையும் அதே சப்பாத்தில் பூட்டிப் பார்த்து, தூக்கி உலுக்கியும் கழராவிட்டால் மட்டுமே எடுங்கள்.

வழிகாட்டி, காசு, காப்புறுதி

எக்குவடோரின் பனி மலைகளில் தகுதிச்சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியில்லை. அங்கு மலை வழிகாட்டிகளின் சங்கம் அசேகிம் எனப்படும். நிறுவனத்தின் பெயரைவிட, உங்களோடு கயிற்றில் வரப்போகின்றவரின் சான்றிதழையே கேளுங்கள். பனியாற்றில் ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருவர் களைத்து இறங்க வேண்டிவந்தால் மற்றவர் என்ன செய்வார் என்ற கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை வைத்து நிறுவனத்தை மதிப்பிடலாம்; ஒரே கயிற்றில் உள்ளவர்கள் ஒன்றாகவே இறங்குவார்கள் என்று நேராகச் சொல்பவர்களே நம்பத்தக்கவர்கள்.

எக்குவடோரில் 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க டொலரே புழக்கத்தில் உள்ளது. சிறு தாள்களாகக் கொண்டுபோவது நல்லது. காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளை வாசியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலும், கயிறு பயன்படுத்தும் ஏற்றங்களுக்கும் பொருந்தா என்று எழுதியிருக்கும். 6000 மீற்றர் வரையும், மீட்புச் செலவும் அடங்கும் என்று எழுத்தில் பெற்றாலன்றிப் பணம் கட்ட வேண்டாம்.

நாட்களை அடுக்குதல்

எக்குவடோருக்கு இரண்டரைக் கிழமை ஒதுக்குங்கள். ஏற்ற மாதங்கள் யூன் முதல் ஓகஸ்ட் வரையும், டிசம்பர், ஜனவரியும். கீற்றோ 2850 மீற்றரில் இருக்கின்றது. முதல் இரண்டு மூன்று நாட்கள் அந்த நகரில் நடப்பதே பயிற்சி. அடுத்து 4200 மீற்றரான பசொச்சோவாவுக்குப் போய் அன்றே திரும்பலாம். பிறகு இழுவைக் கூண்டில் ஏறத்தாழ 3950 மீற்றர் வரை போய், அங்கிருந்து 4696 மீற்றரான ரூக்கு பிச்சிஞ்சாவுக்கு நடந்து, மீண்டும் நகருக்கு இறங்கித் தூங்கலாம். உயரே ஏறித் தாழ்வாகத் தூங்குவதே இதன் தத்துவம். அதன் பின்னர் 3400 முதல் 3800 மீற்றர் வரையுள்ள மலைக் கிராம விடுதிகளில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, 5126 மீற்றரான வட இலினிசாவில் ஏற முயலலாம். ஒரு நாள் முழு ஓய்வு. அப்புறம் கயாம்பே குடிலில் இரண்டு இரவு: ஒன்று பனியாற்றுப் பயிற்சிக்கு, மற்றது உச்சிக்கு. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு கொட்டோபாக்சி. இத்தனைக்கும் மேலாக, காலநிலைக்காக மூன்று நாட்களை வெறுமையாக விடுங்கள். அந்த நாட்களில் வேறு எதையும் பதிவு செய்ய வேண்டாம். விடுமுறை பத்து நாள்தான் கிடைக்கும் என்றால், பனி மலையை இந்த ஆண்டு விட்டுவிட்டு ரூக்கு பிச்சிஞ்சாவோடும் வட இலினிசாவோடும் திரும்புவதே என் ஆலோசனை.

உச்சிக்குப் போகும் இரவு

மாலை ஆறு மணிக்கே படுக்கச் சொல்வார்கள். தூக்கம் வராது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பதினொரு மணியளவில் எழும்பி, பசி இல்லாவிட்டாலும் ஏதாவது சாப்பிட வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் எள்ளுருண்டையும் பனங்கட்டியும் இங்கே கைகொடுக்கும். குளிரில் இறுகிவிடும் என்பதால் முன்னரே சிறு துண்டுகளாக உடைத்து, கையுறையோடு எடுக்கக்கூடிய பையில் போட்டுவையுங்கள். விமான நிலையச் சுங்கத்தில் உணவுப் பொருளை மறைக்காமல் அறிவிக்க வேண்டும். பறித்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு என்பதால் அதையே நம்பியிருக்கக்கூடாது.

பனி இரவில் இறுகியிருக்கும்போது ஏறி, வெயில் அதை இளக்குமுன் இறங்குவதற்காகவே நள்ளிரவில் புறப்படுகின்றார்கள். பனியாற்றின் விளிம்பில் நின்று கிராம்பன் பூட்டும் அந்தப் பத்து நிமிடம் கவனத்துக்குரியது. தலைவிளக்கின் சிறிய வட்டத்துக்குள், மூச்சிரைக்கக் குனிந்து, கொளுக்கிகள் காலின் வெளிப்பக்கம் வரும்படி மாட்டி, வாரை இழுத்து இறுக்கி, மிஞ்சிய நுனியைத் தொங்கவிடாமல் செருக வேண்டும். தொங்கும் வார் மற்றக் காலின் பல்லில் மாட்டினால் விழுவீர்கள். காற்சட்டையின் தளர்ந்த விளிம்புக்கும் அதே விதி. இதற்காகக் கையுறையைக் கழற்றினால் அதை ஜக்கெற்றின் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், பனியில் வைக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைத்தால் உறைபனி அடிப்பக்கத்தில் படியும், வாய் அடைபடாது. தொலைபேசியும் மாற்று மின்கலமும் உடலோடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

திரும்பும் நேரத்தைக் குடிலிலேயே வழிகாட்டியோடு பேசி முடிவுசெய்யுங்கள். காலை எட்டு மணி என்று முடிவானால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் எட்டு மணிக்குத் திரும்ப வேண்டும். வெயில் ஏறியதும் பனிப்பாலங்கள் இளகும், கல் விழத் தொடங்கும்; அந்த நேரத்தில் கால்களும் களைத்திருக்கும். உச்சியில் கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டாம். இறங்கும்போது கயிற்றில் புதியவர் முன்னாலும் வழிகாட்டி பின்னாலும் வருவார்கள். அவர் மேலே நின்று உங்களைத் தாங்குவதற்காகவே அந்த ஒழுங்கு.

எரிமலை விழித்துக்கொண்டால்

கொட்டோபாக்சி உயிருள்ள எரிமலை. 2015 ஓகஸ்டில் அது குமுறியபோது உச்சிப் பாதை மூடப்பட்டு, 2017 ஒக்டோபரில்தான் மீண்டும் திறந்தது. 2022 ஒக்டோபரில் மறுபடியும் புகைந்தது. மெக்சிக்கோவின் பொப்போகாத்தெபெற்றில் எரிமலை 1994இலிருந்து ஏறுநருக்கு மூடியே இருக்கின்றது. பனி மூடிய எரிமலையில் வெடிப்பைவிடக் கொடியது, வெப்பத்தால் உருகிய பனி சாம்பலையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு பள்ளத்தாக்கில் பாயும் சேற்று வெள்ளம். 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயீஸில் நிகழ்ந்தது அதுவே. ஆர்மேரோ நகரில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எக்குவடோர் எரிமலைகளைக் கண்காணிப்பது கீற்றோவிலுள்ள தேசிய பல்தொழில்நுட்பக் கல்லூரியின் புவிப்பௌதிக நிறுவனம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து அதன் அறிக்கைகளைப் பாருங்கள். அவை ஸ்பானிய மொழியில் இருந்தாலும் கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பில் போதிய அளவு விளங்கும். மலை மூடப்பட்டால் எந்த மலைக்கு மாற்றுவது, எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் முன்னரே எழுதிவிடுங்கள். ஏறும்போது கந்தக நெடி கடுமையாகி இருமலும் கண்ணெரிவும் தொடங்கினால், காற்று வீசும் திசையை வழிகாட்டி பார்த்து முடிவெடுக்கும்வரை மேலே அடி வைக்க வேண்டாம்.

வீட்டாருக்கு நாளுக்கு நாள் திட்டத்தின் பிரதி ஒன்றை, குடில்களின் பெயரும் வழிகாட்டியின் தொலைபேசி இலக்கமும் காப்புறுதியின் அவசர இலக்கமும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். எக்குவடோர் நேரம் நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால். அங்கு காலை ஆறரைக்கு நீங்கள் உச்சியில் நிற்கும்போது யாழ்ப்பாணத்தில் மாலை ஐந்து மணி. குடிலுக்கு இறங்கி, வாகனத்தில் வலையமைப்புக் கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் இங்கு இரவு பதினொரு மணியாவது ஆகிவிடும். அதுவரை அழைப்பு வராது என்பதையும், அடுத்த நாள் விடியும்வரையும் வராவிட்டால் முதலில் வழிகாட்டி நிறுவனத்துக்கும் பிறகு காப்புறுதிக்கும் அழைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, அம்மா பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.